கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றுப் படகுப் பயணம்: எந்த மாதம், எந்தப் படகு?

பீனிக்ஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு கோடையில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றில் ரப்பர் படகுப் பயணம் செல்ல எண்ணியிருக்கிறோம். என்னையும் சேர்த்து நாற்பது வயதை ஒட்டிய நண்பர்கள் நால்வர், ஊரிலிருந்து வரவிருக்கும் என் தந்தையார் (வயது 68), பன்னிரண்டு வயது மகள் என மொத்தம் ஆறு பேர். நண்பர்களில் இருவர் அரிசோனாவின் சால்ட் ஆற்றில் கைத்துடுப்பு போட்டுப் பழகியவர்கள். மற்றவர்களுக்கு நீச்சல் தெரியும், அவ்வளவே. வழிகாட்டி நிறுவனம் எதையும் நாடாமல், பூங்கா நிர்வாகத்திடம் நாங்களே அனுமதி பெற்று, படகுகளை வாடகைக்கு எடுத்து, ஜூலை மாதத்தில் பத்து நாட்களுக்குள் முடித்துவிடலாம் என்பது நண்பர்களின் திட்டம். இது நடைமுறைக்கு ஒத்துவருமா? முதியவரையும் சிறுமியையும் அழைத்துச் செல்வது சரியாகுமா?

துடுப்புக்காரன்:

முதலில் மாற்ற வேண்டியது மாதம். பாலைவனத்து ஆறு என்றதும் வெதுவெதுப்பான நீரை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 1963-இல் மதகுகள் மூடப்பட்ட கிளென் கேன்யன் அணை, பவல் ஏரியின் ஆழத்திலிருந்து நீரை எடுத்து வெளியே விடுவதால், பயணம் தொடங்கும் லீஸ் ஃபெரியில் ஆறு பல்லாண்டுகளாக 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஓடி வந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஏரியின் மட்டம் தாழ்ந்ததால் கோடையின் இறுதியில் சற்றுச் சூடேறியதுண்டு. ஜூலையில் பள்ளத்தாக்கின் அடியில் காற்றோ 40 டிகிரியைத் தாண்டும். கரையில் வெயில் வாட்டும். படகு கவிழ்ந்தால் நீர் மூச்சை அடைக்கும், சில நிமிடங்களில் கைகால்கள் சொன்னபடி கேட்காமல் போகும். அந்த நிலையில் நீச்சல் தெரிந்திருப்பது பெரிய உதவியாகாது. ஆற்றில் இருக்கும் நேரமெல்லாம் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி.

அனுமதியைப் பொறுத்தவரை, தனியார் குழுக்களுக்கு 2006 முதல் குலுக்கல் முறைதான். முதன்மைக் குலுக்கல் பிப்ரவரியில், அடுத்த ஆண்டுக்கான நாட்களுக்கு நடக்கும். பிறகு கைவிடப்படும் நாட்களுக்கு இடையிடையே சிறு குலுக்கல்கள் உண்டு. ஒருவர் ஓர் ஆண்டில் ஒருமுறை மட்டுமே இந்தப் பகுதியில் பயணம் செய்யலாம். லீஸ் ஃபெரியிலிருந்து டயமண்ட் கிரீக் வரை 226 மைல், அதாவது சுமார் 364 கிலோமீட்டர். மே முதல் ஆகஸ்ட் வரை இதற்கு அதிகபட்சம் 16 நாள் தருகிறார்கள். நீங்கள் சொல்லும் பத்து நாளில் துடுப்பு வலித்து முடிப்பதென்றால், தினமும் நாள் முழுவதும் வலிக்க வேண்டியிருக்கும்; பக்கப் பள்ளத்தாக்குகளில் இறங்கி நடக்க நேரமே மிஞ்சாது.

இனி ரேப்பிட்கள், அதாவது பாறைகளிடையே ஆறு கொந்தளித்துப் பாயும் இடங்கள். மற்ற ஆறுகளில் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். இங்கே ஒன்று முதல் பத்து வரை. ஹான்ஸ், கிரிஸ்டல், லாவா ஃபால்ஸ் ஆகியவை மேல்படியில் உள்ளவை. கிரிஸ்டல் இன்றைய வடிவம் பெற்றதே 1966-இல் பக்க ஓடை ஒன்று பாறைகளை அடித்துக்கொண்டு வந்து ஆற்றில் தள்ளியதால்தான். மின்தேவைக்கு ஏற்ப அணையில் நீர் கூட்டியும் குறைத்தும் விடப்படுவதால், காலையில் பார்த்த ரேப்பிட் மாலையில் வேறு முகம் காட்டும். இரவில் கரையில் கட்டிய படகு விடியும்போது மணலில் கிடப்பதும் உண்டு. ஆறு பேர் கொண்ட படகில் கைத்துடுப்பு போட்ட பழக்கமும், இரண்டு வாரச் சாமான்களை ஏற்றிய பதினெட்டு அடிப் படகை ஒருவரே இரு நீள்துடுப்புகளால் திருப்பும் திறனும் வேறு வேறு. இத்தகைய நீரில் படகு ஓட்டிய அனுபவம் உள்ள ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்று பூங்காவும் கேட்கிறது. அப்படி ஒருவர் இல்லாத குழு, முதலில் யூட்டாவின் சான் வான் ஆற்றில் சில நாள் படகு வலித்துப் பார்ப்பது நல்லது.

மலைநடை:

மேலே சொன்னதை ஏற்கிறேன். தந்தையாரைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். முழுப் பயணத்துக்கு நேரமில்லாதவர்கள் பாதி தூரம் செல்வதுண்டு. ஆனால் அந்தப் பாதி, லீஸ் ஃபெரியிலிருந்து ஏறத்தாழ 88-ஆவது மைலில், பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஃபேன்டம் ரான்ச் என்னும் தங்குமிடத்தின் அருகே முடிகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் மேல்விளிம்புக்குச் செல்ல 1,300 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும், நடை சுமார் 16 கிலோமீட்டர். இரண்டாம் பாதியில் சேர்பவர்கள் அதே வழியில் இறங்க வேண்டும். கோடையில் இதை 68 வயதுக்காரரிடம் கேட்பது நியாயமில்லை.

அவருக்குப் பொருந்துபவை இரண்டு. விட்மோர் என்னும் இடத்துக்கு ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மோட்டார் படகில் மீட் ஏரி நோக்கி அழைத்துச் செல்லும் மூன்று, நான்கு நாள் பயணங்களைச் சில நிறுவனங்கள் நடத்துகின்றன. லாவா ஃபால்ஸ் விட்மோருக்கு முன்பே முடிந்துவிடுவதால் எஞ்சியிருக்கும் ரேப்பிட்கள் மிதமானவை. அதுவும் நீளம் என்றால், டயமண்ட் கிரீக்கில் தொடங்கும் ஒருநாள் பயணத்தை ஹுவாலபாய் பழங்குடியினரே தங்கள் நிலத்திலிருந்து நடத்துகிறார்கள். ஆறு பேரும் ஒன்றாகவே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், நண்பர்கள் மூவர் நீண்ட பயணத்துக்கும், நீங்களும் மகளும் தந்தையாரும் குறும்பயணத்துக்கும் போவதே முறை என்பது என் கருத்து. நண்பர்கள் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

பீனிக்ஸ்வாசி:

இருவருக்கும் நன்றி. ஜூலையைக் கைவிடுகிறோம். செப்டம்பருக்கு மாற்றினால் பருவமழை குறுக்கிடுமா? குடிநீர், கழிப்பிட ஏற்பாடுகள் எப்படி இருக்கும்? மகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

மணற்கரை:

அரிசோனாவின் பருவமழை ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் தணியும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், பல மைல் தொலைவில் பெய்த மழை பக்கப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக இறங்கலாம். எனவே ஓடை வாயில் கூடாரம் அடிக்கக் கூடாது. செப்டம்பரின் பிற்பகுதியில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த மாதம் 15-ஆம் தேதிக்குப் பிறகு மார்ச் இறுதி வரை, டயமண்ட் கிரீக்குக்கு மேலுள்ள பகுதியில் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. ஆற்றின் ஓசை மட்டுமே கேட்கும். ஆனால் அதனாலேயே, விட்மோரிலிருந்து மோட்டார் படகில் தந்தையாரை அனுப்புவதென்றால் அந்தத் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. 61-ஆவது மைலில் வந்து சேரும் லிட்டில் கொலராடோ மழைக்குப் பிறகு சேற்றைக் கொட்டும்போது, வாளியில் படிகாரம் போட்டு வண்டலைத் தெளியவைத்து, அதன் பிறகே வடிகட்டியில் ஊற்றுவார்கள். நம் பாட்டிமார் செய்த அதே வேலைதான். 2022-இல் நோரோவைரஸ் பல படகுக் குழுக்களிடையே வாந்தி, பேதியைப் பரப்பியது. உணவுக்கு முன் சோப்பும் நீரும் கொண்டு கை கழுவுவதில் தளர்வு கூடாது. வெயிலில் வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்பிட்ட தின்பண்டங்களை இடையிடையே உண்ண வேண்டும்.

கழிப்பிடம் என்பது காற்றுப்புகாத ஓர் உலோகப் பெட்டியும் அதன் மேல் ஓர் இருக்கையும். முகாமிலிருந்து சற்று விலகி, மறைவான இடத்தில் வைப்பார்கள். மலம் முழுவதும் பயண முடிவு வரை படகிலேயே வரும். சிறுநீரை மட்டும் ஆற்றிலேயே கழிக்க வேண்டும் என்பது விதி. மழை குறைந்த மணற்கரையில் கழித்தால் நாற்றம் தங்கிவிடும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம், படகுக்குப் படகு மாறுவதால், தந்தையாரின் விமானச் சீட்டை எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு இதய மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ இருந்தால் அதையும் அப்போதே தெரிவியுங்கள். பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் தொலைபேசியில் அழைத்து ஹெலிகாப்டர் வரவழைப்பதே அங்குள்ள ஆம்புலன்ஸ்.