புதுப்பிப்பு: தொட்டிப்பாலத் தூணில் பேட்ச் வேலை, ஒரு திருத்தம்

பறளியாற்றின் குறுக்கே 1966-ல் முடிந்த மாத்தூர் தொட்டிப்பாலத்தை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்த தம்பி, கம்பி துருத்திய பழைய தூணைச் சரிசெய்வது எப்படி என்று கேட்டிருந்தார். "பொரிந்ததைத் தட்டிவிட்டு பாலிமர் கலவை பூசினால் போதும்" என்று எழுதியிருந்தேன். அது அரைகுறை.

முதலில் கான்கிரீட் எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டு, காரம் பட்டால் ரோஸாகும் 1% பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். ரோஸ் நிறம் வராத இடம் கார்பனேட் ஆனது, அதாவது காற்றிலுள்ள கரியமில வாயு ஏறி, கம்பியைக் காக்கும் காரத்தன்மை போனது. ட்ரில் போட்ட ஓட்டையில் தெளித்தால் உள்ளிருந்து வந்த கெடாத கான்கிரீட்டின் தூள் ஒட்டி, கெட்ட இடமும் ரோஸாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கம்பியின் முன்பக்கம் மட்டும் தட்டினால் பயனில்லை. பின்பக்கமும் விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ., தோண்டி, துரு போய்க் கம்பி வெளுக்கும்வரை சுத்தம் செய்யணும். ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள், ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) அறுபடாமல். ஓரம் மெலிந்தால் கலவை அப்பளம்போல் உரியும்.

விட்டுப்போன முக்கிய விஷயம்: உப்பு ஏறிய கான்கிரீட்டில் பேட்ச் நன்றாக நின்றாலும், அதை ஒட்டிய பழைய பகுதியில் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். பேட்டரிபோல, பேட்ச்சுக்குள் இருக்கும் கம்பி கேத்தோடு (துருப்பிடிக்காத முனை), பக்கத்திலிருப்பது ஆனோடு (துருப்பிடிக்கும் முனை). அதனால் கம்பிக்குப் பதில் தானே அரியும் துத்தநாக ஆனோடு ஒன்றை பேட்ச் ஓரத்தில் கம்பியோடு கட்டுகிறார்கள். கட்டியபின் கம்பிக்கும் அதற்கும் மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கம்பியின் துருமேலேயே கட்டினால் மின்தொடர்பு இராது, வெறும் அலங்காரம்.