புதுப்பிப்பு: பண்டிகைப் படங்கள் சுவர் ஏறிவிட்டன

சின்ன வயதுப் பண்டிகைப் படங்களைக் கூடத்துச் சுவரில் மாட்ட ஆசை, அசலையே சட்டம் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நகல் எடுத்து மாட்டச் சொன்னீர்கள். நல்லவேளை, கேட்டேன்.

ஏற்கெனவே சட்டத்தில் இருந்த ஒன்றைப் பிரித்தபோதுதான் புரிந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. மூலையை லேசாக இழுத்ததுமே தம்பியின் புதுச்சட்டையில் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதோடு விட்டுவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன்.

மற்றவை மூன்றரைக்கு ஐந்து அங்குலம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து 300-இல் அச்சிட்டால் 7-க்கு 10 வரை தெளிவாக வருகிறது. எழுபதுகளின் படங்கள் சிவந்து போயிருந்தன. அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிவிடும். நிறத்தைப் பாதிதான் திருத்தினேன். முழுக்கத் திருத்தினால் நேற்று எடுத்தது மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த முறை கண்ணாடியில் படம் உரசாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை. வெயில் விழாத சுவர். அப்புறம், அசல்கள் உறையில் போட்டு அலமாரிக்குப் போய்விட்டன.

ஒரு படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் கட்டைவிரலை வெட்டிவிடச் சொன்னவருக்கு: மன்னிக்கவும், வெட்டவில்லை. எல்லாப் படமும் எடுத்தது அப்பா. அவர் பதிவான ஒரே பண்டிகைப் படம் அதுதான்.