ஆஸ்கர் கணிப்பு: சங்க விருதுகளை நம்பலாமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
98வது ஆஸ்கருக்கான (2026 மார்ச் விழா) சீசன் ஆரம்பிக்கப் போகிறது, கணிப்புப் போட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம். போன தடவை பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த படத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அது தோற்றதும் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியைத் திட்டினார்கள். இது உங்கள் ரசனைக்கு வைக்கும் பரீட்சை இல்லை. சுமார் பத்தாயிரம் பேர் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

என் வழி எளிது, ஹாலிவுட்டின் தொழில் சங்கங்கள் ஆஸ்கருக்கு முன்னால் கொடுக்கும் விருதுகளைப் பார்ப்பது. சிறந்த படத்துக்குத் தயாரிப்பாளர் சங்க விருது, இயக்குநருக்கு இயக்குநர் சங்க விருது, நடிப்புக்கு நடிகர் சங்க விருதும் பிரிட்டனின் பாஃப்டாவும். மற்றதெல்லாம் வெறும் சத்தம். இயக்குநர் சங்க விருது 1948இல் ஆரம்பித்தது. அதை வாங்கியவருக்கு ஆஸ்கர் கைநழுவியது இதுவரை எட்டே தடவை. அந்த எட்டிலும் ஸ்பீல்பெர்க், ரான் ஹோவர்ட், பென் அஃப்ளெக் மூன்று பேரும் அந்த வருட ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை, அப்புறம் எப்படிக் கிடைக்கும்?

முதல்வரிசை:
அண்ணே, உங்கள் கணக்கு முடிந்துபோன வருடங்களுக்குப் பிரமாதமாக வேலை செய்யும். வரப்போகும் வருடத்துக்குத்தான் சிக்கல். எடிட்டிங் பரிந்துரை இல்லாத படம் ஜெயிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2015இல் பேர்ட்மேன் ஜெயித்தது. நடிகர் சங்கத்தின் குழு நடிப்புப் பட்டியலில் இல்லாவிட்டால் கதை முடிந்தது என்றார்கள், 2018இல் தி ஷேப் ஆஃப் வாட்டர், அடுத்த வருடமே கிரீன் புக், 2021இல் நோமாட்லேண்ட், மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லாமலே வாங்கின. இயக்குநர் பரிந்துரை இல்லாமல் முடியாது என்றார்கள், ஆர்கோ வாங்கியது. ஒரு விதி உடைந்ததும் சத்தமில்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த விதியை எடுத்துக்கொண்டு வருவது, பலிக்காத ஜோசியத்துக்குப் பரிகாரம் சொல்கிற மாதிரிதான் இருக்கிறது.

கோடாவை மறந்துவிட்டீர்களா? 2022. மொத்தமே மூன்று பரிந்துரை, அதில் இயக்குநரும் இல்லை, எடிட்டிங்கும் இல்லை. மூன்றையும் வாங்கியது. எதிரில் தி பவர் ஆஃப் தி டாக் பன்னிரண்டு பரிந்துரையோடு நின்று ஒன்றோடு வீட்டுக்குப் போனது.

கணக்குப்பிள்ளை:
கோடா என் பக்கத்துச் சாட்சி தம்பி, நீங்கள் கூப்பிட்டதற்கு நன்றி. அந்த வருடம் தயாரிப்பாளர் சங்க விருதும் கோடாவுக்குத்தான், நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதும் கோடாவுக்குத்தான். பரிந்துரை எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், சங்கங்களைப் பார்த்தவர்கள் ஏமாறவில்லை.

நீங்கள் அடுக்கிய விதிகளை நானும் நம்புவதில்லை. அவை வெறும் தற்செயல் ஒற்றுமைகள். தயாரிப்பாளர் சங்கத்தை நான் நம்புவதற்குக் காரணம் வேறு, ஓட்டு எண்ணும் முறை. ஆஸ்கரில் மற்ற எல்லாப் பிரிவிலும் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார். சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து வரிசை ஓட்டு. உறுப்பினர் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் கடைசியில் இருக்கும் படத்தை நீக்கிவிட்டு, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்கு மாற்றுவார்கள்.

நூறு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அ’ படத்துக்கு 40 முதலிடம், ‘ஆ’வுக்கு 35, ‘இ’க்கு 25. சாதாரணத் தேர்தல் என்றால் ‘அ’ ஜெயித்துவிட்டது. ஆனால் இங்கே ‘இ’ வெளியே போகிறது, அதன் 25 சீட்டில் 20 பேர் இரண்டாவதாக ‘ஆ’ என்று எழுதியிருக்கிறார்கள். முடிவு ‘ஆ’ 55, ‘அ’ 45. அதாவது கொஞ்சம் பேர் வெறியோடு நேசிக்கும் படத்தைவிடப் பெரும்பாலோர் முகம் சுளிக்காத படத்துக்கு வாய்ப்பு அதிகம். தயாரிப்பாளர் சங்கமும் அதே சமயத்தில் இதே முறைக்கு மாறியது. அதன் பிறகு 2025 வரை நடந்த 16 விழாவில் 13 பொருந்தியது (2014இல் அவர்கள் இரண்டு படத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று ஆஸ்கர் வாங்கியது).

முதல்வரிசை:
பொருந்தாத அந்த மூன்றைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே. 2016இல் தி பிக் ஷார்ட்டுக்குக் கொடுத்தார்கள், ஸ்பாட்லைட் ஜெயித்தது. 2017இல் லா லா லேண்ட், ஜெயித்தது மூன்லைட். 2020இல் 1917, ஜெயித்தது பாரசைட். யோசித்துப் பாருங்கள், எல்லோரும் இன்றுவரை பேசுகிற வருடங்கள் இவைதான். முடிவு ஊருக்கே தெரிந்த வருடத்தில் உங்கள் சூத்திரம் சரியாக இருக்கும், ஓப்பன்ஹைமர் ஜெயிக்கும் என்று சொல்ல சூத்திரம் எதற்கு?

2020ஐ எடுத்துக்கொள்வோம். 1917க்குத் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், கோல்டன் குளோப், பாஃப்டா நான்கும் வந்தாகிவிட்டது. காகிதத்தில் போட்டியே இல்லை. ஆனால் நடிகர் சங்க விழாவில் பாரசைட் குழு மேடைக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது, அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் சிறந்த படம் வாங்கியதே இல்லை என்பது அன்றுவரை இருந்த புள்ளிவிவரம். அந்தப் புள்ளிவிவரம் என்ன ஆனது?

பழைய டிவிடி:
இரண்டு பேரும் சங்கத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கடன் பாக்கியைப் பார்ப்பேன். ரொம்ப நாளாக ஏமாற்றப்பட்டவருக்கு ஒருநாள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2007இல் இயக்குநர் ஸ்கார்செஸிக்குக் கொடுத்தார்கள், 2016இல் டிகாப்ரியோவுக்கு. பெரியவர்களை மதிக்கிற கூட்டம் அது.

ஓரத்து சீட்:
நடிகை கிளென் குளோஸ் எட்டுப் பரிந்துரை, ஒன்றும் இல்லை. நடிகர் பீட்டர் ஓ’டூல் எட்டு, ஏழுக்குப் பிறகு 2003இல் கௌரவ விருதைக் கையில் கொடுத்தார்கள். பாடலாசிரியர் டயான் வாரன் வருடம் தவறாமல் பட்டியலில் இருக்கிறார், போட்டியில் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. உங்கள் கடன்காரர் யாருக்குக் கொடுப்பார், யாருக்கு நாமம் போடுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் சொல்லுங்கள் சார், போட்டியில் உங்கள் சீட்டையே காப்பி அடிக்கிறேன்.

டிகாப்ரியோ அந்த வருடம் நடிகர் சங்கம், பாஃப்டா, குளோப் மூன்றையும் வாங்கியிருந்தார். கடன் தீர்ந்தது என்பது நாம் பின்னால் கட்டிய கதை.

பழைய டிவிடி:
கிளென் குளோஸுக்கு அநியாயம் நடந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

ஓரத்து சீட்:
அநியாயமோ இல்லையோ, 2019இல் அவர் தோற்ற விதம் கவனிக்க வேண்டியது. நான் காலண்டரைப் பார்க்கிற ஆள். குளோஸுக்கு நடிகர் சங்க விருது ஜனவரி கடைசியில் கிடைத்தது. பிப்ரவரி 10இல் பாஃப்டா ஒலிவியா கோல்மனுக்குப் போனது. ஆஸ்கர் ஓட்டுப்பதிவு இரண்டு நாள் கழித்துத் திறந்தது, ஜெயித்தவர் கோல்மன். 2021லும் அதே வரிசை. நடிகர் சங்கம் முதலில், மறைந்த சாட்விக் போஸ்மனுக்கு. பாஃப்டா அடுத்த வாரம், ஆண்டனி ஹாப்கின்ஸுக்கு. அதன் பிறகுதான் ஓட்டு. விழா நடத்தியவர்கள் போஸ்மன்தான் என்று நம்பி, சிறந்த நடிகர் விருதைக் கடைசிக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஹாப்கின்ஸ் விழாவுக்கே வரவில்லை, அரங்கம் பாதியில் கலைந்த மாதிரி முடிந்தது.

2023இல் வரிசை மாறியது. பாஃப்டா பிப்ரவரி 19, நடிகர் சங்கம் 26, ஓட்டு மார்ச் முதல் வாரம். நடிப்பின் நான்கு பிரிவிலும் இரண்டு விருதும் வேறு வேறு ஆட்களுக்குப் போயிருந்தன. ஆஸ்கர் நான்கிலும் நடிகர் சங்கத்தின் பக்கம் நின்றது: மிஷெல் யோ, பிரெண்டன் ஃப்ரேசர், கே ஹுய் குவான், ஜேமி லீ கர்ட்டிஸ். ஓட்டுச்சீட்டு திறக்கும்போது யார் கையில் கோப்பை இருந்தது, யார் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதுதான் விஷயம்.

முதல்வரிசை:
அப்படியென்றால் 2024? நடிகர் சங்க விருது லில்லி கிளாட்ஸ்டனுக்கு, அதுவும் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே. ஜெயித்தவர் எம்மா ஸ்டோன். காலண்டரும் கவிழ்ந்ததா?

ஓரத்து சீட்:
நடந்துகொண்டிருக்கும்போது என்பதால் முதல் நாளே போட்டுவிட்டவர்களுக்கு அது பொருந்தாது. 2025 இதைவிடத் தெளிவு. ஆஸ்கர் ஓட்டு பிப்ரவரி 18இல் மூடியாகிவிட்டது, நடிகர் சங்க விழா 23ஆம் தேதி. டெமி மூரும் டிமோதி ஷாலமேயும் அங்கே வாங்கிய விருது ஒரு ஆஸ்கர் ஓட்டைக்கூட அசைத்திருக்க முடியாது. 16ஆம் தேதி பாஃப்டா வாங்கிய மைக்கி மேடிசனும் ஏட்ரியன் பிராடியும்தான் ஆஸ்கரும் வாங்கினார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐந்தாறு உதாரணத்தை வைத்துக்கொண்டு விதி போடுவது என்னைக் குறை சொன்ன அதே வேலைதான். தவிர, சங்க விருது ஒரு ஓட்டையும் அசைக்க வேண்டியதில்லை. அது ஒரு சாம்பிள். இரண்டு பக்கமும் உறுப்பினராக இருப்பவர்கள் நிறைய, அவர்கள் மனசில் இருப்பது அங்கே தெரிகிறது. முன்னாலா பின்னாலா என்பது பெரிய விஷயமே இல்லை.

கோல்டன் குளோப்பில் அந்தத் தொடர்பு கிடையாது, அங்கே ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள். 2025 ஜனவரியில் அனோரா படம் குளோப்பில் ஒன்றுகூட வாங்காமல் வந்ததும் இங்கேயே இரங்கல் கூட்டம் நடந்தது, முதல்வரிசை தம்பி தலைமையில். பிப்ரவரி 8, ஒரே இரவில் தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் அனோராவுக்கு. ஆஸ்கரில் ஐந்து. கான்க்ளேவுக்குப் பாஃப்டாவும் குழு நடிப்பு விருதும் வந்தபோதுகூட நான் என் கணிப்பை மாற்றவில்லை.

முதல்வரிசை:
அதே வருடம் எமிலியா பெரெஸ் பதின்மூன்று பரிந்துரையோடு முதலிடத்தில் இருந்தது. பட்டியல் வந்த சில நாளில் அதன் கதாநாயகியின் பழைய ட்விட்டர் பதிவுகள் வெளியே வந்தன, படம் கடைசியில் இரண்டு விருதோடு நின்றது. இதை எந்தச் சங்கக் கணக்கு சொல்லும்? செய்தி படிக்கிறவன் சொல்வான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

பாடலுக்கும் அப்படித்தான். 2023இல் நாட்டு நாட்டுக்கு எதிரில் ரிஹானா, லேடி காகா, வழக்கம்போல டயான் வாரன். பெயரைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. படத்தைத் தியேட்டரில் கூட்டத்தோடு பார்த்தவர்கள் யாரும் பயப்படவில்லை.

கணக்குப்பிள்ளை:
நாட்டு நாட்டு குளோப்பும் விமர்சகர்களின் கிரிட்டிக்ஸ் சாய்ஸும் வாங்கிவிட்டு வந்த பாட்டு. அதைச் சொல்ல காற்று தேவையில்லை.

முதல்வரிசை:
குளோப் வெறும் சத்தம் என்று மேலே எழுதியது யார்?

பழைய டிவிடி:
😄😄

ஓரத்து சீட்:
சண்டையை நிறுத்திவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். 98வது ஆஸ்கர் முதல் ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படத்தையும் பார்த்தால்தான் இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போட முடியும் என்று அகாடமி விதி போட்டிருக்கிறது. அவர்களுடைய இணையத் திரையரங்கில் பார்த்தால் தானாகவே கணக்கில் ஏறும், வெளியே பார்த்திருந்தால் படிவம் நிரப்ப வேண்டும். சங்கங்களில் இந்தக் கட்டாயம் இல்லை. அப்படியென்றால் கணக்குப்பிள்ளை அண்ணனின் சாம்பிள் இனி அதே கூட்டத்தின் சாம்பிள்தானா?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. சிறந்த படத்தில் பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன், பத்துப் படத்தையும் பார்க்காமல் வரிசை போட்டவர்கள் குறைவார்கள், அவ்வளவுதான். ஒலி, ஒப்பனை, காட்சி விளைவு மாதிரி பிரிவுகளில் பெயர் தெரிந்த படத்துக்கே எல்லாவற்றிலும் குத்திவிட்டுப் போகிற பழக்கம் அடிபடும். அங்கே இனிமேல் ஒரே படம் வாரிக்கொண்டு போவது கஷ்டம். படிவத்தில் ‘விமானத்தில் பார்த்தேன்’ என்று எழுதுகிறவர்களை யாரும் பிடிக்கப் போவதில்லை என்பதும் உண்மை.

முதல்வரிசை:
நான் எதிர்மாறாகச் சொல்வேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறவன் சின்னப் படத்தைக் கண்டுபிடிப்பான். 2025இல் அனிமேஷனில் தி வைல்ட் ரோபோ தயாரிப்பாளர் சங்க அனிமேஷன் விருது, அனிமேஷன் துறையின் ஆனி விருது எல்லாம் வாங்கி வைத்திருந்தது. ஜெயித்தது லாட்வியாவிலிருந்து வந்த ஃப்ளோ. வசனமே இல்லாத படம், அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கர். விதி வருவதற்கு முன்னாலேயே அப்படி என்றால், விதி வந்த பிறகு சிறந்த படத்திலும் அந்த மாதிரி ஒன்று நடக்கும். இந்த வருடம் தயாரிப்பாளர் சங்க விருது எதற்குப் போகிறதோ, அதற்கு எதிராக எழுதப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
விருது வருவதற்கு முன்னாலேயே அதற்கு எதிராகவா? சரி, பதிவு செய்துகொள்கிறேன்.

பழைய டிவிடி:
போட்டி விதியைச் சொல்லுங்கப்பா. பெரிய பிரிவுகளில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், வெற்றி தோல்வி மூன்று குறும்படப் பிரிவில்தான் முடிவாகிறது. அதற்கும் சிறந்த படத்துக்கும் ஒரே மதிப்பெண்ணா?

கணக்குப்பிள்ளை:
ஒரே மதிப்பெண்தான். புதிதாக வந்திருக்கும் நடிகர் தேர்வு விருதையும் சேர்த்து 24 பிரிவு. சீட்டை ஆஸ்கர் ஓட்டு மூடும் நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வரும் விருதைப் பார்த்துவிட்டு மாற்றக் கேட்டால் முடியாது.

ஓரத்து சீட்:
பார்த்தீர்களா, காலண்டர் முக்கியம் என்று நீங்களே விதி போட்டுவிட்டீர்கள்.