வெயிலும் காற்றும் வீட்டு மின்சாரமான கதை: பொருத்திப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு

சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ வீட்டுக்கான மின்சாரத்தைத் தாமே எடுத்துவருபவர்கள் தங்கள் பட்டறிவை எழுத வேண்டுகிறேன். விற்பவர் தரும் கணக்கு எல்லோருக்கும் கிடைக்கிறது. பொருத்திய பிறகு அந்தக் கணக்கு எங்கே பொய்த்தது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியில் 330 வாட் சோலார் பேனல்கள் ஒன்பதை ஒரே தொடராக இணைத்துப் பொருத்தினேன். நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்பதைத் தாண்டவில்லை. பேனலில் குறையா, இன்வெர்ட்டரில் குறையா என்று தெரியாமல் பல வாரம் குழம்பிய பின், ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை மாடியிலேயே அமர்ந்து, இன்வெர்ட்டர் காட்டிய எண்ணை அரைமணிக்கு ஒருமுறை குறித்துவந்தேன். பிற்பகல் மூன்று மணிவரை எண் சீராக ஏறி இறங்கியது. அதன் பின் ஒரேயடியாகச் சரிந்தது. குனிந்து பார்த்தபோது, கைப்பிடிச் சுவரின் நிழல் முன்வரிசைப் பேனல்களின் அடிவிளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. அவ்வளவுதான் நிழல். அந்த நாலு விரல் நிழல்தான் என் மாலை நேர மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

பேனலுக்குள் இருக்கும் செல்கள், அதாவது ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடுகள், தொடராக இணைக்கப்பட்டவை என்பதால், நிழலில் கிடக்கும் ஒரு செல் தன் வழியே செல்லும் மின்னோட்டம் முழுவதையும் மட்டுப்படுத்தும். இதைத் தவிர்க்கப் பெரும்பாலான பேனல்களில் மூன்று பைபாஸ் டயோடுகள் வைத்திருக்கிறார்கள். நிழல் விழுந்த மூன்றிலொரு பகுதியை மட்டும் அவை விலக்கிவிட்டு மின்னோட்டத்தை வேறு வழியில் விடும். அந்த மூன்று பகுதிகளும் பேனலின் நீளவாக்கில் ஓடுபவை. ஆனால் என் பேனல்கள் நெட்டாக, குறும்பக்கம் கீழே இருக்குமாறு நின்றதால், அடிவரிசையில் விழுந்த நிழல் மூன்று பகுதிகளையும் ஒருங்கே தொட்டது. விலக்குவதற்கு முழுப் பேனலையுமே விலக்க வேண்டியதாயிற்று. பேனல்களின் நீளப்பக்கம் கீழே வருமாறு கிடைமட்டமாகத் திருப்பிப் பொருத்திய பின் அதே நிழல் ஒரே ஒரு பகுதியை மட்டும் தொட்டது. மாலைச் சரிவு வெகுவாகக் குறைந்தது. செல்களைப் பாதியாக வெட்டி இரு தொகுதிகளாக இணைத்து இப்போது வரும் பாதி வெட்டுச் செல் பேனல்களில் இந்தத் தொல்லை ஓரளவு குறைவு.

வெப்பத்தையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாட் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. உச்சிவெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. 25ஐத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனல் தரும் வாட் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது என்றால் 65 டிகிரியில் பதினாறு விழுக்காடு போய்விடும். கொளுத்தும் வெயிலைவிட, மழை விட்டுத் தெளிந்த குளிர்ந்த காற்றோடு கூடிய வெயில் நாளில்தான் என் இன்வெர்ட்டர் மிகப் பெரிய எண்ணைக் காட்டியது. பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி விட வேண்டியதன் காரணம் இதுவே.

இரண்டாவது பகிர்வு

ஐயா எழுதியது நிழலைப் பற்றி. நான் காற்றைப் பற்றி எழுதுகிறேன். காற்றுக்கும் ஒரு நிழல் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது என்பதே என் அனுபவத்தின் சாரம்.

இரண்டரை மீட்டர் விட்டமுள்ள, 1 கிலோவாட் என்று குறிக்கப்பட்ட சிறு காற்றாலை ஒன்றை வாங்கி, வீட்டுக் கூரையின் மேல் மூன்று மீட்டர்க் குழாயில் நிறுத்தினேன். அந்த 1 கிலோவாட் என்பது நொடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றுக்கு உரியது என்பதைக் கையேட்டில் படித்திருந்தும் அதன் பொருளை நான் உணரவில்லை. காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தின் வழியே கடந்துபோகும் ஆற்றல் மொத்தமே 190 வாட் அளவுதான். அதிலும் எந்தக் காற்றாலையும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1919ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார். சிறு காற்றாலைகள் நடைமுறையில் அதில் பாதியைத் தொட்டாலே நல்லது. ஆக, ஐம்பது வாட். கண்ணுக்கு அழகாகச் சுழன்றுகொண்டிருந்த காற்றாலை, பெரும்பாலான நாட்களில் ஒரு மின்விசிறிக்கே தடுமாறியது.

அதைவிடப் பெரிய பிழை, அதை நிறுத்திய இடம். கூரையில் மோதி மேலெழும் காற்று சுழித்துக் கலங்குகிறது. இறக்கைகள் திசை தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன. அதிர்வு சுவர் வழியே இறங்கிப் படுக்கையறையில் ஓயாத முனகலாகக் கேட்டது. பிறகு ஒரு காற்றுவேகமானியை வாங்கி, கூரையிலும், தோட்டத்தின் வெட்டவெளியில் நாட்டிய 18 மீட்டர்க் கம்பத்தின் உச்சியிலும் மாற்றி மாற்றிப் பல மாதம் அளந்தேன். காற்றின் சராசரி வேகம் கூரையில் நொடிக்கு 3.5 மீட்டர், கம்பத்தில் 5.5 மீட்டர். இரண்டு மீட்டர் வேறுபாடு சிறியதாகத் தோன்றும். மும்மடிக் கணக்கில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு ஆற்றல். சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட இறக்கையின் கீழ்நுனி பத்து மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்ற வழிமுறையை அந்த அளவுகள் எனக்குக் கண்கூடாகக் காட்டின. இழுகம்பிகள் கட்டிய சாய்ப்புக் கம்பத்துக்குக் காற்றாலையை மாற்றினேன். அதன் பின்தான் அது மின்சாரம் தரத் தொடங்கியது.

வீட்டுக்குக் காற்றாலை புதிய ஆசையன்று. ஸ்காட்லாந்தின் மேரிகிர்க் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887ஆம் ஆண்டில் தம் குடிலின் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலையை நிறுவி, அதன் மின்சாரத்தைச் சேமகலங்களில் (பேட்டரிகளில்) தேக்கி விளக்கேற்றினார். அவரும் அதைத் தோட்டத்தில்தான் நிறுத்தினார் என்பதைப் பின்னாளில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பகிர்வு

சுருக்கமாக ஒன்று. எங்கள் வீட்டில் சோலார் வைத்த பிறகு முதல் மின்தடை நண்பகலில் வந்தது. மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்க வீடு இருண்டுவிட்டது. கருவி பழுது என்றே நினைத்தோம். பேட்டரியில்லாமல் பொது மின்தடத்தோடு இணைந்து ஓடும் இன்வெர்ட்டர், தடத்தில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்படுகிறது. நம் வீட்டு மின்சாரம் வெளிக்கம்பியில் பாய்ந்தால், மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்ப்பவரின் உயிர் போய்விடும். இதை எங்களுக்கு விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மின்தடையின்போதும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

நான்காவது பகிர்வு

பேட்டரியைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் நான்கு ஈய அமில பேட்டரிகளை இரண்டே ஆண்டில் இழந்தவள் நான். மேகம் மூடிய பருவத்தில் நாள்கணக்கில் அவை முழுமையாக நிறையவில்லை. நாங்களோ வழக்கம்போல் இரவு முழுவதும் பயன்படுத்தினோம். அரைகுறையாகவே நிறைந்து கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிட்டால் அவை மீண்டும் கரைவதில்லை. 12 வோல்ட் பேட்டரி ஓய்விலிருக்கும்போது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1ஐ நெருங்கினால் பாதி தீர்ந்துவிட்டது, அதற்குக் கீழே விடக்கூடாது என்பதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்திருக்கிறோம். அதன் கொள்ளளவில் எண்பது விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஆயினும் பேட்டரியை மாற்றியதைவிட வேலை நேரத்தை மாற்றியதுதான் எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றையும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் முடித்துவிடுகிறேன். பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது வீணாகும் பங்கு அப்போது வீணாவதில்லை.

ஐந்தாவது பகிர்வு

மின்பணியாளராக இருபது ஆண்டு வேலை செய்கிறேன். பேனலிலிருந்து வருவது நேர்மின்சாரம் (டி.சி.). வீட்டிலுள்ள மாறுமின்சாரம் (ஏ.சி.) நொடிக்கு நூறு முறை சுழியை, அதாவது பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால் பொறி எழுந்தாலும் தானே அணைய வாய்ப்புண்டு; நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது, எழுந்த பொறி தொடர்ந்து எரியும். வெயில் இருக்கும்போது, மின்சாரம் பாய்ந்து கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பேனல் இணைப்பியை ஒருவர் கையால் பிடுங்கியதையும், அதன் முனை உருகியதையும் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, பிறகு நேர்மின்சாரத்துக்கென்றே செய்த ஐசோலேட்டர் என்னும் துண்டிப்பு விசையைத் துண்டித்து, அதன் பின்னரே இணைப்பியைத் தொட வேண்டும். வேறுவேறு நிறுவனங்களின் இணைப்பிகள் ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தோன்றினாலும் அவற்றைக் கலக்கக்கூடாது. சரியாகப் பொருந்தாத தொடுமுனை சூடேறும்.

காற்றாலை வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு கேள்வி: பேட்டரி நிறைந்த பிறகு தங்கள் காற்றாலையின் மின்சாரம் எங்கே போகிறது? பேனலை அப்படியே விட்டுவிடலாம், அது சும்மா கிடக்கும். காற்றாலையை மின்சாரம் எடுக்கும் சுமை எதுவுமின்றி விட்டால் கட்டுக்கடங்காமல் சுழன்று இறக்கையை முறித்துக்கொள்ளும்.

இரண்டாவது பகிர்வாளரின் மறுமொழி

நல்ல கேள்வி, ஐயா. பேட்டரி நிறைந்தவுடன், அதில் மின்சாரம் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு வெப்பச்சுருளுக்குத் திருப்பிவிடுகிறது. அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பொருத்தியிருக்கிறேன். காற்று மிகுந்த இரவுகளுக்குப் பின் விடியலில் குளிக்க வெந்நீர் ஆயத்தமாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் நிறுத்துவிசையைப் போட்டுக் கம்பத்தைச் சாய்த்துத் தரையில் கிடத்திவிடுகிறேன். இருவர் சேர்ந்தால் முக்கால் மணி நேர வேலை. சென்ற ஆண்டு தொடர்ந்து ஆறு நாள் சூரியனைக் காணாதபோது பேனல்கள் வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை; அந்த ஆறு நாளும் வீட்டு விளக்குகளும் ஃபிரிட்ஜும் கம்பத்தின் மேலிருந்து வந்த மின்சாரத்தில்தான் ஓடின.