கானாஸ் மாகாணம், பெரு: உறைபனி உருளைக்கிழங்கும் புல் பாலமும் – சில சந்தேகங்கள்

நிலப்படம்:
கூஸ்கோவுக்குத் தெற்கே உள்ள கானாஸ் மாகாணம் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். தலைநகர் யானவோக்கா 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே என்ன விளையும், எப்படிச் சேமிப்பார்கள்? கெவே மாவட்டத்தில் அபூரிமாக் ஆற்றின் மேலுள்ள கெஸ்வச்சாக்கா புல் பாலத்துக்குப் பக்கத்திலேயே வண்டிப் பாலம் இருக்கிறதே, பிறகு ஏன் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறார்கள்?

குளிர்மேடு:
உருளைக்கிழங்கு, பார்லி, பிறகு கினோவா, கஞ்ஞிவா என்ற சிறுதானியம் போன்ற பயிர்கள். இன்னும் மேலே போனால் பயிர் கிடையாது, ஆடும், கம்பளி தரும் அல்பாக்காவும்தான்.

சேமிப்பு என்றால் சுஞ்ஞோ, அதாவது உறையவிட்டுக் காயவைத்த உருளைக்கிழங்கு. ஜூன், ஜூலையில் மழை இல்லை, வானம் தெளிவு, இரவில் உறைபனி விழும். சின்ன உருளைகளைச் சமதரையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மூன்று நான்கு இரவு விடுவார்கள். இரவில் உறைந்தது பகலில் இளகும். அப்போது வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, தோலையும் உரித்து, வெயிலில் காயப்போட வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ உருளைக்கு ஒரு கிலோ சுஞ்ஞோ தேறும். பல ஆண்டு கெடாது.

கெட்டுப்போவது எங்கே என்றால், மேகம் மூடிய இரவில். தரையின் வெப்பம் வெளியேறாது, உருளை அரைகுறையாக உறையும், பிறகு அழுகும். கசப்பு உருளையை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் கசப்பு நச்சு வெளியேறிவிடும். வெள்ளையாகக் கிடைக்கும் அந்த வகைக்கு மொராயா என்று பெயர். குறிப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வடக்கயிறு:
பாலத்துக்கு வருகிறேன். நீளம் சுமார் 28 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். மரம் அரிதான அந்த மேட்டில் தாராளமாகக் கிடைப்பது இச்சு புல்தான். புல் மழையிலும் வெயிலிலும் மட்கும், நடக்க நடக்க வடம் நீண்டு பாலம் தொய்யும். ஓராண்டுக்கு மேல் அதை நம்ப முடியாது. 2020இல் பெருந்தொற்றால் வேலை நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது, ஜூனில் மறுபடி கட்டினார்கள்.

வேலை முறை: புல்லைக் கல்லால் தட்டி, தண்ணீரில் நனைத்து, வைக்கோல் பிரி மாதிரி கையாலேயே திரிப்பார்கள். காய்ந்த புல்லைத் திரித்தால் நார் முறியும், நனைப்பது அதற்காகத்தான். மெல்லிய பிரிகள் பலவற்றை முறுக்கி நடுத்தரக் கயிறு, அதில் மூன்றைச் சடை பின்னி வடம். முறுக்கு எந்தத் திசையோ அதற்கு எதிர்த்திசையில் அடுத்த முறுக்கு போக வேண்டும். ஒரே திசையில் போனால் பாரம் ஏறியதும் பிரிந்துவிடும்.

தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. இரு கரையிலும் ஆட்கள் இழுத்துக் கல்மேடையில் கட்டுவார்கள். ஒரு வடம் தளர்ந்தாலும் தரை சாயும், அதனால் இதற்குத்தான் நேரம் பிடிக்கும். கடைசியாக, சாக்காருவக் எனப்படும் பாலக் கைவினைஞர்கள் இரு முனையிலிருந்தும் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கைப்பிடியையும் தரையையும் கயிற்றால் இணைத்துக்கொண்டே நடுவில் சந்திப்பார்கள். பழைய பாலத்தை ஆற்றில் விட்டுவிடுவார்கள், அது மட்கிப் போகும்.

குளிர்மேடு:
"பக்கத்தில் பாலம் இருக்கே" என்பதற்கு இன்னொரு பதில்: இது நான்கு ஊர்ச் சமூகங்களின் கூட்டுக் கடமை. வின்ச்சிரி, சாவுப்பிபாண்டா, சொக்காய்வா, கொயானா கெவே. குடும்பத்துக்கு இவ்வளவு பிரி என்று பங்கு உண்டு. பெண்கள் மேட்டில் உட்கார்ந்து திரிப்பார்கள், பாலத்தைக் கட்டுமிடத்துக்கு வருவதில்லை என்பது மரபு. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது பாலம் அல்ல, அதைப் புதுப்பிக்கும் அறிவும் சடங்கும். பல தளங்களில் இதைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

நிலப்படம்:
நன்றி, இது போதும். நேரில் பார்க்க எப்போது போக வேண்டும்?

வடக்கயிறு:
ஜூன் இரண்டாம் வாரம். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் விழா. விழாவுக்கு மட்டும் போனால் ஆட்டம்தான் கிடைக்கும், வடம் இழுப்பதைப் பார்க்க இரண்டாம் நாளே அங்கே இருக்க வேண்டும். கூஸ்கோவிலிருந்து கொம்பாபாத்தா வரை பள்ளத்தாக்குச் சாலை, அங்கிருந்து யானவோக்காவுக்கு ஏற்றம். உயரத்துக்கு உடம்பு பழக கூஸ்கோவில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.