மறு: ஃபைல் டிஸ்கிரிப்டர் – விவரிப்பானா, திறப்பிலக்கமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒரு புரோசெஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரு கோப்பைத் திறக்கும்போது கேர்னல் (இயங்குதளத்தின் கரு) அதற்குத் தரும் எண்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘கோப்பு விவரிப்பான்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கவில்லை. போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு மாணவர்களுக்கு லினக்ஸ் காட்டிக்கொண்டிருந்தபோது இந்தச் சொல்லைத்தான் சொன்னேன். “இது எதை அண்ணை விவரிக்குது?” என்று ஒருவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கேர்னல் தருவது வெறும் 3 அல்லது 7. அதில் என்ன விவரம் இருக்கிறது?

சரி, இலக்கம்தானே, ‘கோப்பிலக்கம்’ என்போம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அது சரிவராது. கச்சேரிக்கு (அரச செயலகத்துக்கு) அலைந்தவர்களுக்குத் தெரியும்: கோப்பிலக்கம் மட்டையிலேயே எழுதியிருக்கும், யார் கையில் எடுத்தாலும் அதே இலக்கம். வட்டில் கோப்புக்கென்றே இருக்கும் ஐநோட் இலக்கத்துக்கு அது பொருந்தும். இங்கே கதை வேறு. என் புரோசெஸின் 3 ஒன்று, உங்கள் புரோசெஸின் 3 வேறொன்று. ஒரே கோப்பை இரண்டு தரம் திறந்தால் இரண்டு இலக்கம். புரோசெஸ்களுக்கு இடையே தரவு கடத்தும் பைப்புக்கும் சாக்கெட்டுக்கும்கூட இதே இலக்கம்தான் என்பதால் ‘கோப்பு’ என்ற பாதியும் தேவையில்லை.

நான் சொல்வது: திறப்பிலக்கம். முதலில் ‘திறப்பெண்’ என்றுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் நடுவில் யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள், அழித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. தமிழகத்து நண்பர்கள் திறத்தல் என்று எடுத்தாலும் பிழையில்லை, கோப்பைத் திறக்கும் ஓபன் அழைப்பு தருவதுதானே அது. ஆனால் சாவி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஒரு புரோசெஸ் ஃபோர்க் செய்யும்போது, அதாவது தன்னைப் போல ஒரு பிள்ளைப் புரோசெஸை உண்டாக்கும்போது, தாயிடம் இருக்கும் எல்லாத் திறப்புக்கும் ஒவ்வொரு பிரதி பிள்ளைக்குப் போகிறது. 0, 1, 2 மூன்றும் (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி) நாம் கேட்காமலே கையில் இருப்பது அப்படித்தான். அப்போ ஒரு புரோசெஸின் இலக்கங்களைக் கேர்னல் வைத்திருக்கும் அட்டவணைக்குத் திறப்புக் கோர்வை என்று பெயர் வைக்கலாம்.

கோர்வையைக் கண்ணாலும் பார்க்கலாம். டெர்மினலில் எல்எஸ் -எல் /டெவ்/எஃப்டி/ என்று அடியுங்கள். (கடைசிச் சாய்கோட்டை விட்டால், /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி பக்கம் கைகாட்டும் இணைப்பு மட்டும்தான் வரும்.) 0, 1, 2 மூன்றும் டெர்மினலைக் காட்டும். கூடவே ஒரு 3 நிற்கும். அது எல்எஸ்ஸின் சொந்தத் திறப்பு: பட்டியலிட அந்த அடைவையே அது திறந்தாக வேண்டுமே. ஆற்றைக் கடந்தவன் தன்னை எண்ண மறந்த கதை இங்கே தலைகீழ்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. /டெவ்/எஃப்டி/3 என்பதை ‘பிரதித் திறப்பு’ என்று எழுத நினைத்தேன். ஃப்ரீபிஎஸ்டியில் (லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம்) சரி, அதைத் திறப்பதும் டூப் செய்வதும், அதாவது இருக்கும் திறப்புக்குப் பிரதி எடுப்பதும், ஒன்றுதான், வாசித்து நிறுத்திய இடம் இரண்டுக்கும் பொது. லினக்ஸில் சாதாரணக் கோப்பென்றால் அது புதிதாகவே திறபடும், வாசிப்பு முதலிலிருந்து தொடங்கும். இதற்கு என்னிடம் சொல் இல்லை. சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ்வுக்குள் கிடக்கிறதென்பதற்காக ‘சாதனக் கோப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லினக்ஸில் அது வெறும் இணைப்பு.