‘பாங்குக் குழப்பம்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானத் தானியக்கப் பாடத்துக்காக, ‘மோட் கன்ஃபியூஷன்’ (mode confusion) என்பதற்கு அம்மையார் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். எந்திரம் ஒரு ‘மோட்’டில் இயங்க, அது வேறொன்றில் இருப்பதாக எண்ணி ஒருவர் அதை இயக்குவதே இது. இதுவரை வந்த சொற்களில் ‘பாங்குக் குழப்பம்’ முன்னிற்கிறது. ‘மோட்’ என்பதற்குப் ‘பாங்கு’ எனக்கும் உடன்பாடே. ‘குழப்பம்’தான் உறுத்துகிறது.

1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஓர் ஏர்பஸ் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதில் இறங்கும் கோணத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் ஒரே குமிழ்; எதை அமைக்கிறோம் என்பதை வேறொரு பொத்தான் தீர்மானிக்கும். கோணப் பாங்கில் ‘-3.3’ என்றால் 3.3 பாகை. வேகப் பாங்கில் ‘-33’ என்றால் நிமிடத்துக்கு 3,300 அடி. விமானிகள் கோணம் என்று எண்ணி வேகத்தை அமைத்துவிட்டார்கள் என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அவர்கள் குழம்பியிருந்தால் இன்னொரு முறை பார்த்திருப்பார்களே! குழம்பவில்லை, உறுதியாக நம்பினார்கள்.

பல்லாவரத்தில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் பெட்டியும் இதே வகைதான். மின்சாரம் போய் வந்தால் ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பாங்குக்குத் தானே மாறிவிடும்; இரண்டிலும் அதே பச்சை விளக்குதான் எரியும். காவலாளிப் பெரியவர் மாலையில் ஆட்டோவில் வைத்தார், இரவு விளக்கைப் பார்த்துவிட்டுப் படுத்தார். விடிந்தபோது மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லோரும் அவரைத்தான் ஏசினோம். நானும் ஏசினேன், இன்றும் வருந்துகிறேன்.

‘ஐயந்திரிபற’ என்று அன்றாடம் எழுதுகிறோம். தூரத்தில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தயங்கினால் ஐயம். சிப்பியை வெள்ளி என்றே கொண்டால் திரிபு. குழப்பம் ஐயத்தின் பக்கம் சேரும். நமக்கு வேண்டியது திரிபு.

வடிவமைப்பைக் கணித முறையில் ஆராய்பவர்கள் தேடுவதும் இதைத்தான். எந்திரம் உண்மையில் நடக்கும் விதத்தை ஒரு நிலைப்படமாகவும் (எது நடந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று அம்புகளால் காட்டும் படம்), விமானி மனத்தில் கொண்டிருப்பதை இன்னொரு நிலைப்படமாகவும் வரைந்து, இரண்டும் எந்த அடியில் பிரிகின்றன என்று கணினியைக் கொண்டு சோதிக்கிறார்கள். எம்டி-88 என்ற பயணிகள் விமானத்தின் தானியக்கத்தைக் கணினி அறிவியலாளர் ஜான் ரஷ்பி இப்படி ஆராய்ந்திருக்கிறார். எங்கள் மோட்டார் பெட்டிக்கு ஒரு தாளே போதுமானதாக இருந்தது. பெட்டியின் படத்தில் ‘மின்தடை’ என்றொரு அம்பு இருக்கிறது. பெரியவர் மனத்துப் படத்தில் அது இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

தனியே ‘பாங்குத் திரிபு’ என்றால் பாங்கே பழுதானதாகப் பொருள்படும். மின்னணுவியலார் அலைவடிவச் சிதைவுக்கும் ‘திரிபு’ என்கிறார்கள். நண்பர்களில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘பாங்கு மயக்கம்’ திணைமயக்கத்தை நினைவூட்டும் அழகான சொல். ஆனால் விமானியையும் மயக்கத்தையும் ஒரே வரியில் கண்டால் அவர் நினைவிழந்தார் என்றே படிப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: பாங்குத் திரிபுணர்வு. சற்று நீளம்தான். ‘இந்தப் பொத்தான் பாங்குத் திரிபுணர்வுக்கு இடம் தருகிறது’ என்று எழுதிப் பார்த்தேன். எழுவாய் இடத்தில் ஆள் இல்லை, பொத்தான் வந்து நிற்கிறது; பழியும் அதன் மேல்தான் விழுகிறது. வகுப்பில் மாணவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், அம்மா.